கையேந்தியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் போருக்குப் பின்னான மீள்கட்டுமானம் பற்றி வந்த கட்டுரை, வெளிநாட்டு உதவி வன்னிச் சனங்களைத் தங்கிவாழப் பழக்கிவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிப் போகிறது. எழுதியவர் கொழும்பில் இருப்பவர் என்று நினைக்கிறேன். வன்னிக்காரர் என்றால் இன்னும் மோசம்.

தங்கிவாழும் அளவுக்கு எங்களுக்கு என்ன வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் இலங்கைக்கு நான்கு வருடத்துக்கு 450 கோடி டொலர் உதவி என்று அறிவித்தன. அதில் நன்கொடை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கட்டுரையில் ஒரு சொல் இல்லை. சமாதானம் முன்னேறினால்தான் காசு என்பது நிபந்தனை. புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை, சமாதானம் போன வழியும் தெரியும். சுனாமி நிதியைச் சேர்ந்து பங்கிட 2005 இல் அரசாங்கமும் புலிகளும் பொதுக்கட்டமைப்பு என்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதமே அதன் முக்கியமான பிரிவுகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கடல் அடித்துப்போட்ட சனத்துக்கு உதவுவதற்கும் வழக்கு!

போர் முடிந்தபின் எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே விட்டபோது தறப்பாள், கொஞ்சத் தகரம், சில மாதங்களுக்கு உலர் உணவு. தங்கிவாழ்ந்தது என்றால் அதில்தான்.

இந்திய வீட்டுத்திட்டத்துக்கு நன்றி சொல்லாமல் விட்டால் பாவம். அந்த 50,000 வீடுகள் இல்லையென்றால் பலர் இன்னும் கொட்டிலில்தான். ஆனால் எங்கள் பக்கம் வீட்டுக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டினால் என்ன நடக்கும்? மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, மேசனைப் பிடிப்பதே பெரும்பாடு. இந்தக் கட்டம் முடிந்ததென்று வந்து பார்த்தால்தான் அடுத்த காசு. என் காப்பை அடகு வைத்துத்தான் எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டோம். காப்பு இன்றுவரை திரும்பி வரவில்லை. அடுத்த வளவுப் பிள்ளை நுண்கடன் எடுத்தாள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றவர்கள் அவளிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் 2018 இல் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. எங்கள் தெருவில் தனியே இருந்த ஓர் அம்மாவுக்கு வீடே கிடைக்கவில்லை. குடும்பத்தில் ஆள் குறைவாம், புள்ளி காணாதாம். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தால் ஆள் குறையத்தானே செய்யும்?

அப்புறம் பொருத்து வீடு, செய்து கொண்டுவந்த துண்டுகளைப் பொருத்திவிடும் வீடு. எங்கள் வெயிலுக்கு இரும்பில் 65,000 வீடு போட நினைத்த மகான்களை மறக்க முடியுமா? கல்வீடு தாருங்கள் என்று கேட்டவர்களைக் குழப்பவாதிகள் போலப் பார்த்தார்கள். இன்னொரு நிறுவனம் எங்களை மண்டபத்தில் இருத்திக் கோழி வளர்க்கக் கற்றுத்தந்தது. எங்களுக்கு! கற்றுத்தந்த பிள்ளை கோழியைப் பார்சலில் மட்டும்தான் கண்டிருப்பார் போல. ஆனால் மகிழ்ச்சியாக எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏ9 வீதியும் யாழ்தேவி ரயில் ஓடும் பாதையும் கடன் காசில் போட்டவை. அந்தக் கடன் எங்கள் தலையிலும்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது கொழும்பு. அப்போது இந்தியாவிடமும் ஐ.எம்.எப்.இடமும் போய் நின்றவர்களைப் பற்றித் தங்கிவாழ்கிறார்கள் என்று யாரும் கட்டுரை எழுதியதாக எனக்கு நினைவில்லை.

சரி, நான் எழுத வந்த காரியம் சிறியது. எங்கள் கிராமத்தில் வெளிநாட்டு உதவியில் கட்டிய நெற்களஞ்சியம் ஒன்று, நாடா வெட்டித் திறந்த நாள் தொட்டுப் பூட்டியே கிடக்கிறது. மின் இணைப்பு யார் பெயரில் எடுப்பது என்பதில் இழுபறி. கட்டியவர்கள் போய்விட்டார்கள், பொறுப்பெடுத்த அலுவலகம் தனக்குத் தெரியாது என்கிறது. உங்கள் செய்தியாளர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு, திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதினால் போதும். காலபோக அறுவடைக்கு முன் திறந்தால் நெல்லையாவது உள்ளே வைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்.