மூன்றாவது பத்தி

கும்பகோணம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில், டாக்டர் பட்டத்துக்கு அடுத்த வானியல் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிப் பேசும்போது, "முப்பது இடத்துக்கு அனுப்பப் போறேன்ப்பா, எல்லாத்துக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்தான்" என்றாய். என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறாய் என்று எழுதும் தாள்தானே அந்த ஸ்டேட்மென்ட். அம்மாவுக்குப் பெருமை. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு லோயர், ஹையர் பரீட்சைக்குப் படிக்க வந்தவர்களை விட, வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொள்ள வந்தவர்கள்தான் அதிகம். கார்பன் வைத்து நாலு காப்பி அடிப்பேன், மேலே முகவரியை மட்டும் அப்புறம் தனித்தனியாக அடிப்பேன். ஒரு பையனுக்கு அப்படிச் செய்தபோது, மூன்றாவது பத்தியில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நாலும் போய்விட்டன. ஒரு இடத்திலிருந்து அந்தப் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பையன் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

நீ சொன்ன, நாசா தரும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஹப்பிள் ஃபெல்லோஷிப்பையே எடுத்துக்கொள். மூன்று வருஷம், சமீபத்தில் ஒரு தடவைக்கு 24 பேர், நவம்பர் தொடக்கத்தை ஒட்டிக் கடைசி நாள். அதில் என்ன ஆராய்ச்சி, எந்த ஊரில் என்பதை நீயே சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியர் தன் திட்டத்துக்கு ஆள் எடுப்பது வேறு கதை. பணமும் கேள்வியும் அவருடையவை. அதில் உன் கை எந்த இடத்தில் உதவும் என்றுதான் அவர் தேடுவார். இரண்டுக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்? முப்பதைப் பன்னிரண்டாக்கு. அந்தந்த இடத்தில் இருப்பவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரை இரண்டையாவது படித்துவிட்டு எழுது.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டுமே. உன் கைடு சரி. மற்ற இருவர்? ஐம்பது பேர் பெயர் போட்ட கட்டுரையில் உன் பெயரும் இருப்பதால் அவர்களுக்கு உன்னைத் தெரியும் என்று ஆகிவிடாது. உன்னோடு உட்கார்ந்து வேலை பார்த்தவரைக் கேள். கடைசி நாட்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடு. பெரிய மனிதர்கள்தான் அதிகம் மறப்பார்கள்.

வேலை கொடுப்பவர்கள் பிப்ரவரி 15க்கு முன்னால் பதில் கேட்டு நெருக்கக் கூடாது என்று அமெரிக்க வானியல் சங்கம் வைத்திருக்கும் வழக்கத்தை நீதான் சொன்னாய். அப்புறம் ஏன் "முதலில் எது வந்தாலும் சரி சொல்லிடுவேன்" என்கிறாய்? வேறு நாட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினால், அவகாசம் வேண்டும் என்று மரியாதையாகக் கேள். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. பட்டியலில் பெங்களூர் முதலில் இருந்தது. அங்குள்ள வேலைக்காக என்றால் இருக்கட்டும். அம்மாவின் முழங்காலுக்காக என்றால் எடுத்துவிடு. அவளை மாடி ஏற விடாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் எனக்கு ஒரு காப்பி போடு. நட்சத்திரம் எனக்குப் புரியாது. மூன்றாவது பத்தியில் வேறு ஊர்ப் பெயர் கிடக்கிறதா என்று பார்க்கத் தெரியும்.

அன்புடன்,
அப்பா