அணைக்க வழி செய்துவிட்டு நெருப்பு மூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால் பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வார இறுதிகளில் சிக்கபள்ளாப்பூர், ராமநகரம், கனகபுரா பக்கம் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இரவில் கேம்ப்ஃபயர் மூட்டி, சுற்றி அமர்ந்து பேசிக் களிப்பதை நான் குறை சொல்லவில்லை. மூட்டுவதில் இருக்கும் அக்கறை அணைப்பதில் இல்லையே என்ற கவலைதான் என்னை எழுத வைக்கிறது.

அண்மையில் என் அக்காள் மகனுடனும் அவன் நண்பர்களுடனும் அப்படியொரு முகாமுக்குச் சென்றிருந்தேன். தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள். விறகு ஈரமாக இருந்து புகைந்ததால், அங்கிருந்த பணியாளர் தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த பெட்ரோலை அதன் மேல் ஊற்றினார். ஊற்றிய தாரை வழியாகவே தீ மேலேறிப் பாட்டிலின் வாயைப் பற்றிக்கொண்டது. பதறிப்போய் அவர் அதை வீசிய இடத்தில் காய்ந்த புல். நாலைந்து பேர் ஓடிப்போய் மிதித்து அணைத்தோம். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவி நிற்கும் என்பதால், கனன்றுகொண்டிருக்கும் விறகில் அதை ஊற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். காய்ந்த சுள்ளியும் கொஞ்சம் தேங்காய் நாரும் இருந்தால் எந்த எண்ணெயும் தேவையில்லை.

அன்றிரவு படுக்கப் போகும்முன் இரண்டு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அணைந்துவிட்டது என்றார்கள். விடிந்ததும் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். உள்ளே கட்டை செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. மண் மூடிய தணல் சூடு தணியாமல் பல மணி நேரம் இருக்கும். காற்று மேல்மண்ணை விலக்கினாலோ, அடியில் காய்ந்த வேர் இருந்தாலோ, எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு அந்த நீறு பூத்த நெருப்பு மறுபடி பற்றிக்கொள்ளும். ஆகவே படுக்கப் போவதற்கு வெகு முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட வேண்டும். பிறகு தண்ணீர் ஊற்றி, கட்டைகளைப் புரட்டி, சாம்பலைக் கிளறி, 'சுர்'ரென்ற சத்தம் அடங்கும்வரை மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். கடைசியாகப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கும்போது சிறிது சூடு தெரிந்தாலும் இன்னொரு வாளி தண்ணீர் தேவை என்றே பொருள். அந்தத் தண்ணீர் தீக்குச்சியை உரசுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நம் சுற்றுவட்டாரத்தில் தைல மரத் தோப்புகள் நிறைய உண்டு. அவற்றின் சருகில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பொறி பட்டாலே பற்றும். உண்ணிச்செடிப் புதர்களும் கோடையில் அப்படித்தான். சுற்றிலும் பத்தடிக்குச் சருகையும் புல்லையும் வெறும் மண் தெரியும்வரை கூட்டித் தள்ளிவிட்டு, மேலே கிளை கவியாத, கூடாரத்திலிருந்து தள்ளிய இடத்தில், முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத சிறு நெருப்பாக மூட்டினால் போதும். காற்று வீசும் இரவில் மூட்டவே கூடாது. பாறைமேல் மூட்டினால் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தீயின் சூட்டால் கருங்கல்லைப் பலகையாகப் பெயர்த்தெடுப்பது இந்தப் பகுதிக் கல்லுடைப்பவர்களின் பழைய முறை. அதே சூட்டில் சில்லுகள் தெறித்து முகத்தில் படலாம். ஆற்றங்கரையில் ஈரம் ஊறிய கல்லை அடுக்குவதும், கணு மூடிய மூங்கிலை எரிப்பதும் வெடிப்பில் முடியலாம். குளிருக்காகத் தணலைச் சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைப்பதோ இவை எல்லாவற்றையும்விடக் கொடியது; வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

சரணாலயத்துக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் நெருப்பு மூட்டுவதையும், எரியும் நெருப்பை விட்டுச் செல்வதையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காடு பற்றி எரிந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கட்டணம் வாங்கி முகாம் நடத்துவோர் ஒவ்வொரு நெருப்புக்கும் அருகில் தண்ணீர், மண்வெட்டி, அணைத்து முடிக்கும்வரை விழித்திருக்க ஓர் ஆள் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே மாவட்ட நிர்வாகங்கள் ஆக்க வேண்டும். அதுவரை, பணம் கட்டும்முன் இம்மூன்றும் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.