இரண்டு கீலும் ஒரு பின்னும்

கணபதி, கோவை

அன்புள்ள அம்முணி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை.

நீ அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் கிரைண்டரை, அதுவும் தொட்டியைச் சாய்த்து மாவை ஊற்றும் நம் பட்டறையின் டில்டிங் மாடலையே எடுத்து, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விசையைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் ஏற்றியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கீல் விஷயத்தில் மனம் ஒப்பவில்லை.

தொட்டியை ஸ்டாண்டோடு இணைக்கும் பின் (அச்சாணி) உள்ள இருபுறமும், மென்பொருளில் இணைப்பைக் குறிக்கும் கீல் கனெக்டர் போட்டிருக்கிறாய். ஒரு பொருளுக்கு உள்ள ஆறு அசைவுகளில் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி) ஒரு கீல் ஐந்தைத் தடுத்து ஒரு சுழற்சியை மட்டும் விடும். தொட்டி கவிழ அதுவே போதும். இரண்டு போட்டால் பத்துத் தடை. மிச்சமுள்ள ஐந்தும் மல்லுக்கு நிற்கும். ஸ்டாண்டின் சட்டத்தை விறைப்பான பொருளாக வைத்தால் மென்பொருளாவது எச்சரிக்கும். வளையும் பொருளாக வைத்தால் அதுவும் இல்லை. சட்டம் துளி வளைந்தாலே, நிஜத்தில் இல்லாத திருப்புவிசை பின்னில் ஏறிவிடும்.

வெல்டிங் சூட்டில் ஸ்டாண்டு இழுத்துக்கொள்ளும். இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் அது அதிசயம். அதனால்தான் ஒரு பக்கம் பின்னை இறுக்கி, மறுபக்கத்தைப் புஷ் என்ற உருளை வளையத்துக்குள் பக்கவாட்டில் நகரவிடுகிறோம். நீயும் கீலுக்குப் பதில் ஒரு பக்கம் ‘ஜாயின்’ கனெக்டர் கொடுத்து மூன்று இடப்பெயர்ச்சியையும் பிடி. மறுபக்கம் ‘ஸ்லாட்’ கொடுத்து, அச்சின் போக்கை விட்டு மற்ற இரண்டைப் பிடி. மூன்றும் இரண்டும் ஐந்து, கணக்கு நேர்.

அடுத்தது துளை. பழைய ஸ்டாண்டு ஒன்று பழுதுக்கு வந்து மேசையில் கிடக்கிறது. பின் போகும் துளை அடிப்பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டது. விளிம்பில் கறுத்த கிரீஸ், அதில் காய்ந்து ஒட்டிய உளுந்து மாவு. உன் மாடலில் துளையின் சுற்று முழுவதையும் நடுப்புள்ளியோடு விறைப்பாகக் கட்டியிருக்கிறாய். எத்தனை பாரம் ஏற்றினாலும் அது வட்டமாகவே இருக்கும்! அதற்குப் பதில் விசையைப் பகிர்ந்தளிக்கும் கப்ளிங் (பிணைப்பு) போட்டால் துளை உருமாறும். ஆனாலும் விளிம்பில் அது காட்டும் தகைவை (ஓரலகு பரப்பில் ஏறும் விசையை) நம்பாதே. பின் ஒரு பாதியில்தான் அழுத்துகிறது. மறுபாதியில் வெறும் இடைவெளி. கப்ளிங்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சுற்று முழுவதையும் பிடித்து இழுக்கும். பின்னையே வரைந்து, அது துளையைத் தொடும் இடத்தில் காண்டாக்ட் (தொடுகை) கொடுத்தால்தான் உண்மை தெரியும். முழு கிரைண்டருக்கும் அதைச் செய்து கணினியை வதைக்காதே. பெரிய மாடலிலிருந்து விசையை எடுத்து, பின் துளையுள்ள ஒரு காதை (தகட்டை) மட்டும் தனியே வெட்டிப் பார்.

கவிழும் கோணத்துக்கு எல்லையும் வைக்கவில்லை. மாவோடு தொட்டியைச் சாய்த்துவிட்டுப் பாதியில் கையை விடுகிற ஆட்கள் உண்டு. உன் சித்தி அதில் முதல் ஆள். சாய்வைத் தடுக்கும் நிறுத்தத்தில் விழும் அந்த அடிதான் பின்னுக்கு எமன். நின்ற நிலையின் எடையை மட்டும் வைத்துப் பின்னுக்குச் சான்றிதழ் கொடுக்காதே.

இன்னொன்று, பின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறாய். நாம் போடுவது 16. திருத்தி ஓட்டிவிட்டு, இரு பக்கத்து விசையையும் தனித்தனியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா