என் ஈரத்துணி அல்ல, உங்கள் மூட்டுதான் ஒழுகுகிறது

சிங்கப்பூர்
15 ஜனவரி 2025

பெறுநர்: மேலாளர், மாணவர் விடுதிப் பராமரிப்பு நிறுவனம்

பொருள்: 9ஆம் மாடி அறையில் நீர்க்கசிவு, வசூலித்த 80 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) திருப்பித் தரக் கோருவது

ஐயா / அம்மா,

தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தாயிற்று.

நவம்பர் கடைசியில் என் கட்டிலுக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. உங்கள் ஆள் வந்து இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசி, மேலே வெள்ளையடித்துவிட்டுப் போனார். பத்தே நாளில் ஓர் அடி தள்ளிப் புதுக் கறை. மறுபடியும் சிலிக்கான். அப்புறம் ஜனவரி 10, 11 தேதிகளில் அடித்த மழை உங்களுக்கே தெரியும். ஒரு மாதத்துக்கான மழையைச் சிங்கப்பூரின் சாங்கிப் பகுதியில் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது. அன்று ராத்திரி கூரை விளக்கிலிருந்து சொட்டத் தொடங்கியது. சோறு வைக்கும் குக்கரின் உள்பாத்திரத்தை எடுத்துக் கீழே வைத்தேன். விடிந்தபோது முக்கால் பாத்திரம் தண்ணீர்.

13ஆம் தேதி உங்களிடமிருந்து வந்ததோ ஒரு ரசீது. அறைக்குள் ஈரத்துணி காயப்போட்டதால் பூஞ்சணமாம், சுத்தம் செய்ய 80 வெள்ளியாம். துணி காயப்போட்டது உண்மைதான். மழைக்காலத்தில் இந்தப் புளோக்கில் யார்தான் போடவில்லை? பக்கத்து அறைக்காரர் துணியை வெளியே சலவைக்குக் கொடுப்பவர்; அவர் கூரையிலும் கறை இருக்கிறது, என் அறையை ஒட்டிய பக்கத்தில்.

என் அப்பா துறையூரில் கொத்தனார். கைப்பேசியில் காட்டியதும், "தண்ணி தெரியிற எடம் வேற, எறங்குற எடம் வேற" என்றார். சாதாரணக் கட்டடத்துக்கே அப்படி. இதுவோ ஆலையில் அறை அறையாகச் செய்த பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து கிரேன் வைத்து அடுக்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சுவர், தனித் தரை, தனிக் கூரை. இரண்டு பெட்டிக்கு நடுவே சந்து. பெட்டிகள் சேரும் வெளிமூட்டில் ஓரிடத்தில் பூசிய அடைப்பு விட்டுப்போனால் போதும், தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கி, என் பெட்டியின் கூரைமேல் ஓடி, கிடைத்த துளை வழியாக வரும். உள்ளே சிலிக்கான் பூசினால் அடுத்த துளைக்கு நகரும். கறை நகர்ந்ததும், கடைசியில் விளக்கு சொட்டியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டிக் கட்டுமானத்தையே நான் குறை சொல்லவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2016லேயே 13 மாடி விடுதிகளை இப்படித்தான் எழுப்பினார்கள். "ஆலையில் செய்தது, தரம் உறுதி" என்று உங்கள் கையேடும் சொல்கிறது. சரி, பெட்டியை ஆலையில் செய்தீர்கள். மூட்டை இங்கேதானே போட்டீர்கள், இந்த வெயிலிலும் மழையிலும்?

80 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். வெளிப்புறத்தில் தொங்குமேடை இறக்கி, எனக்கும் 10ஆம் மாடிக்கும் இடையிலுள்ள மூட்டில் தண்ணீர் பீய்ச்சிச் சோதித்துப் பாருங்கள். அதுவரை வேறு அறை வேண்டும். விளக்குக்குள் தண்ணீர் போனதால் சுவிட்சைத் தொடவே பயமாக இருக்கிறது. மேசை விளக்கில்தான் படிக்கிறேன்.

பாத்திரத்தின் படமும் ரசீதும் இணைத்திருக்கிறேன். 22ஆம் தேதிக்குள் ஆள் அனுப்புங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் அறையில்தான் இருப்பேன். சிலிக்கான் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
9ஆம் மாடி அறைவாசி