புறாமலையின் முருகைக்கற்கள் மிதிபடாமல் காக்கக் கோரும் மனு

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்,
பத்தரமுல்ல.

அனுப்புநர்:
நிலாவெளிக் கரைப் படகோட்டிகளும் ஸ்நோர்கலிங் வழிகாட்டிகளும்,
திருகோணமலை மாவட்டம்.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலைக்கு ஆட்களை ஏற்றிப்போய், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதக்கவிட்டு (ஸ்நோர்கலிங்), கடலடியைக் காட்டிப் பிழைப்பவர்கள் நாங்கள். 2003இல் தேசியப் பூங்காவான இந்தத் தீவால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அங்குள்ள முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைகள், கண்ணெதிரே மிதிபட்டு நொறுங்குவதால் இம்மனுவை எழுதுகிறோம்.

சீசன் நாட்களில் வருபவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் போதும், பயந்துபோய்க் காலை ஊன்றி எழும்புகிறார்கள். கரையிலிருந்து நாலு எட்டிலேயே முருகைக்கல் தொடங்கிவிடுவதால், ஊன்றுவதும் அதன் மேல்தான். அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டியது அது என்று தெரிந்தால் பலர் கவனமாகவே இருப்பார்கள். கிளைவிடும் வகை வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். உருண்டைப் பெருங்கற்களோ வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. 1998இல் கடல் சூடேறி, தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவைக் கற்கள் வெளுத்துச் செத்தபோது, திருகோணமலைக் கற்கள் பெரிய சேதமில்லாமல் தப்பின. அப்படித் தப்பியதைக் காலால் மிதித்து அழிப்பதை எங்களால் தாங்க முடியவில்லை.

ஆழத்தில் டைவிங் செய்வோரால் இவ்வளவு சேதமில்லை. தொல்லையெல்லாம் இடுப்பளவு தண்ணீரில்தான். ஆகவே நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பத்து நிமிட விளக்கம் கட்டாயமாக வேண்டும். நீச்சல் தெரியாதவர் உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கக்கூடாது. மிதப்பவருக்குக் காலை ஊன்றும் தேவையே வராது. மணல் உள்ள பக்கமாகக் கயிறும் மிதவையும் கட்டி, கடலில் இறங்க ஒரு வழியைக் குறித்துத் தர வேண்டும். நீர்மட்டம் நன்றாக இறங்கும் நேரத்தில் கற்களுக்கு மேல் யாரையும் விடக்கூடாது. நங்கூரம் விழுந்தாலும் கல் உடையும் என்பதால், படகு கட்ட நிரந்தர மிதவைகளும் தேவை.

ஒரே நேரத்தில் கடலில் இறங்குவோர் தொகைக்கு வரம்பு வைக்கும்படியும் கேட்கிறோம். இதனால் எங்கள் வருமானம் குறையலாம். சரி, அதை ஏற்றுக்கொள்கிறோம். சுற்றுலாக் கூட்டத்தால் கற்கள் சேதமானதால், தாய்லாந்தின் மாயா பே கடற்கரையை 2018இல் மூடவேண்டி வந்தது. 2022இல் திறந்தபோது, படகுகள் குடாவுக்குள் வரக்கூடாது, ஆட்களுக்கு வரம்பு உண்டு என்று விதித்தார்கள். மூடியிருந்த காலத்தில் துடுப்புமுனை கறுத்த சுறாக்கள் அங்கே திரும்பி வந்தன. புறாமலையில் அந்தச் சுறாவும் அழுங்காமை என்ற கடலாமையும் இன்னமும் இருக்கின்றன. மூடும் நிலை வருமுன்னரே அந்த விதிகளை இங்கே கொண்டுவர முடியும். ஒரேயடியாக மூடினால் எங்கள் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்பதையும் தயவுசெய்து கருத்தில் கொள்ளவும்.

கண்காணிக்க ஆட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டால் எங்களுக்குப் பயிற்சி தாருங்கள். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எங்களுக்குத் தொழில் இல்லை. அப்போதே பயிற்சியை முடித்துவிடலாம். அதற்கு முன், தங்கள் அலுவலர் ஒருவர் வந்து பார்வையிட ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். எங்கள் படகிலேயே கூட்டிப்போய், கற்கள் உடைந்திருக்கும் இடங்களைக் காட்டுவோம்.

இப்படிக்கு,
நிலாவெளிக் கரைப் படகோட்டிகளும் வழிகாட்டிகளும்