கல்தேர் கதையோட மீதிப் பாதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல ஒருத்தர் "மனுநீதிச்சோழன் ஆண்ட மண்ணுலேருந்து சொல்றேன், கருணை மனுவெல்லாம் குப்பையில போடுங்க, தூக்குல ஏத்துங்க"ன்னு எழுதியிருந்தாரு. நானும் திருவாரூர்தான் சார். கமலாலயக் குளத்துப் பக்கம் டீக்கடையிலயும் இதே பேச்சுதான், டிவில ஏதாவது கொடூரமான கேஸ் வந்துட்டா போதும், கிளாஸ பெஞ்சுல டக்குனு வெச்சுட்டு மனுநீதியத்தான் இழுப்பாங்க.

கதைய முழுசா யாரும் சொல்றதில்ல, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. கன்னுக்குட்டி மேல தேர ஏத்தின புள்ளைய அதே மாதிரி கொல்லுன்னு ராஜா மொதல்ல மந்திரிகிட்டதான் சொல்றாரு, அந்த மனுஷனுக்குக் கை வரல, தன் உயிர விட்டுடறாரு, அப்பறம்தான் ராஜாவே தேர ஏத்துறாரு. கன்னு, மந்திரி, புள்ள, ஆக மூணு உயிர். தியாகராஜர் வந்து மூணையும் எழுப்பிக் குடுத்தாருன்னுதான் கதையே முடியுது. போன மாசம் பேத்திய, இந்தக் கதைய நெனப்பூட்ட எங்க ஊர்ல இருக்குற கல்தேர் பாக்கக் கூட்டிட்டுப் போனேன், அவ கேட்ட ஒரே கேள்வி "கன்னுக்குட்டி திரும்ப வந்துச்சா தாத்தா?" வந்துச்சுன்னு சொன்னப்பறம்தான் கையில உருகிட்டிருந்த ஐஸ நக்க ஆரம்பிச்சா.

கோர்ட்டு தூக்குல போட்டா யாரு எழுப்புறது? ராஜீவ் காந்தி கொலை வழக்குல பேரறிவாளன் கேஸையே எடுத்துக்குங்க. வெடிகுண்டுக்கு பேட்டரி வாங்கிக் குடுத்தாருன்னு 19 வயசுல புடிச்சாங்க. கருணை மனு 11 வருஷம் கெடந்து 2011ல தள்ளுபடி, செப்டம்பர் 9ன்னு நாளும் குறிச்சாச்சு, ஐகோர்ட் தடை வரலன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 2013ல, வாக்குமூலத்த எழுதின சிபிஐ அதிகாரியே வந்து, பேட்டரி எதுக்குன்னு தெரியாதுன்னு அவர் சொன்னத நான் எழுதாம விட்டுட்டேங்கறாரு. 2014ல தூக்கு ஆயுளாச்சு, 2022 மே 18ல சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணுச்சு. நிரபராதின்னு கோர்ட் சொல்லல, அது வேற விஷயம். அதிகாரி வாயத் தொறந்தப்ப அதக் கேக்க அந்த ஆளு உயிரோட இருந்தாரு பாருங்க, நான் சொல்றது அத.

இன்னொண்ணு, சொல்லலன்னா மனசு ஆறாது. இங்கேருந்து பக்கம்தான் கீழ்வெண்மணி. 1968ல கூலி கேட்ட தலித் ஜனங்க 44 பேர் குடிசைக்குள்ள எரிஞ்சாங்க, குத்தம் சாட்டப்பட்ட மிராசுதாரங்க ஐகோர்ட்ல விடுதலை ஆயிட்டாங்க. தூக்கு தூக்குன்னு கத்துறோமே, கயிறு எந்தத் தெருவுக்கு வரும்னு எங்க ஜில்லாக்காரனுக்குத் தெரியாதா?

2025 ஜூலையில ஏமன்ல கேரளா நர்ஸ் நிமிஷா பிரியாவுக்கு நாள் குறிச்சப்ப இதே டீக்கடைல எல்லாரும் "ஐயோ பாவம், மன்னிச்சு விட்டா என்ன"ன்னாங்க, 16ஆம் தேதி நடக்கல, தள்ளிப்போச்சுன்னதும் அப்பாடான்னாங்க. மன்னார்குடி கூத்தாநல்லூர் பக்கம் பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் வெளிநாட்டுலதான், அந்த பயமும் இருக்கும். அவங்க மேலயும் கொலைக் கேஸ்தானே. அந்த மனசு உள்ளூர் கைதிகிட்ட மட்டும் எங்க போயிடுது?

அதனால ஜனாதிபதிகிட்ட இருக்குற தூக்குக் கைதிங்க மனு எதுவா இருந்தாலும் அரசியல் சட்டம் 72வது பிரிவுல ஆயுளா மாத்தச் சொல்லி நீங்க ஒரு தலையங்கம் எழுதணும் சார். வெளிய விடச் சொல்லல, சாகுற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். போன வாரம் எழுதினவரு எந்தத் தெருன்னு தெரியல, கமலாலயம் பக்கம் வந்தா டீ என் கணக்கு, கல்தேர் வரைக்கும் பேசிக்கிட்டே நடக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவாரூர்