வாக்கர் நுழையும் கதவு

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில்தான் தள்ளிக்கொண்டே போனது. மனை கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் நானே வாங்கியதுபோல் சந்தோஷமாக இருந்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் பெரிய நிம்மதி. என் கணுக்கால் பரவாயில்லை. மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிறது, வீட்டுக்குள் எதையும் பிடிக்காமல் நடக்கிறேன், வெளியே போனால் மட்டும் கைத்தடி.

நீ அனுப்பிய வரைபடத்தை இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே ஹால், சமையலறை, சின்னதாக ஒரு அறை. மாடியில் உங்கள் படுக்கையறை, பிள்ளைகள் வந்தால் தங்க இரண்டு அறைகள். எங்கள் புது வீட்டுக்குப் போன வருடம் நான் போட்டு வைத்திருந்ததும் கிட்டத்தட்ட இதேதான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏன் என்று சொல்லத்தான் இன்று இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கணுக்கால் உடைந்ததும் ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாடகை வீட்டில் குளியலறைக் கதவு இரண்டே கால் அடி அகலம். நான் பிடித்து நடந்த வாக்கர் இரண்டு அடி. நிலைக்கட்டையும் கதவுப் பலகையின் கனமும் போக மிஞ்சும் இடத்தில் அது நேராக நுழையாது, பக்கவாட்டில் திருப்ப வேண்டும், திருப்பும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் நாலு அங்குலப் படியைத் தாண்டி, ஈரத் தரைக்கு. பத்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம், அந்த நாலு அங்குலத்தை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பித்தான் போய்வர வேண்டியிருந்தது. நாம் இருவரும் வீட்டை யோசித்தது இன்றைக்கு இருக்கும் உடம்பை வைத்து, ஆனால் அந்த வீட்டில் நாம் வாழப்போவது எழுபது, எண்பது வயதில்.

அதனால் புது வரைபடத்தில் எல்லாம் ஒரே தளம். படுக்கை, குளியல், சமையல் மூன்றுக்கும் நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. கதவு அகலத்தைச் சொல்லும்போது மேஸ்திரி நிலையின் வெளி அளவைச் சொல்வார், அதை எடுத்துக்கொள்ளாதே. கதவைத் திறந்து வைத்தபின் மிஞ்சும் இடைவெளி 32 அங்குலமாவது வேண்டும், 36 கிடைத்தால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்து அடி வட்டம் வேண்டும், அதைக் குளியலறையிலும் படுக்கைக்குப் பக்கத்திலும் விட்டிருக்கிறேன். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வை. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் கைப்பிடி. டவல் மாட்டும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது, சறுக்கும்போது கை தானாக அதைத்தான் பிடிக்கும். கைப்பிடியைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அதைத் தாங்கும் சுவரை இப்போதே கட்டியாக வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் ஹாலோ பிளாக்கில் போல்ட் உறுதியாக நிற்காது. டாய்லெட் பக்கமும் ஷவர் பக்கமும் 33லிருந்து 36 அங்குல உயரத்தில் கெட்டியான கல்லோ காங்கிரீட்டோ வரும்படி சொல்லிவிடு. பூச்சு பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்து வைத்துக்கொள். பின்னால் துளை போடும்போது பைப் எங்கே, வயர் எங்கே என்று தேட வேண்டியிருக்காது.

வாசலில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தரைமட்டத்தை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் படி வரும். சரிவுப் பாதை போடலாம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இரண்டு அடி உயர்த்தினால் இருபத்து நாலு அடி. அதுவும் செங்குத்துதான், யாராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் நாற்காலி ஏறும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் வந்த யோசனை இது: கேட்டிலிருந்தே மண்ணை மெல்ல மெல்ல உயர்த்தி, இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில், தோட்டத்தைச் சுற்றி வளைந்து வரும் ஒரு நடைபாதை. பார்த்தால் சரிவு என்றே தெரியாது. இரண்டு அடிக்கு நாற்பது அடி நீளம் ஆகும், உன் மனையின் ஆழத்துக்கு அது தாராளமாக வரும். ஆனால் சுவரோரம் மண்ணைக் குவித்துவிடாதே, ஈரம் சுவரில் ஏறிவிடும், தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் வேண்டும். இதெல்லாம் தெரிய ஒரு மழைக்காலமாவது காத்திரு. கொட்டும் மழையில் குடையோடு போய் நின்று தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகுதான் நான் என் வீட்டை எட்டு அடி தள்ளி வைத்தேன்.

வெளிச்சத்தையும் குறைத்துப் போடாதே. அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதானாம். ஒரே பெரிய விளக்கு கண்ணைக் கூசவைக்கும், பல இடத்தில் மிதமாகப் போடு. படுக்கையிலிருந்து டாய்லெட் வரை தரையோரம் சின்ன விளக்குகள்.

பணத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். மதிப்பீட்டுக்கு மேல் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வை, அது டைல்ஸுக்கும் அலங்காரத்துக்கும் போகக் கூடாது, மண்ணுக்கடியில் எதிர்பாராமல் வருகிற வேலைக்கு. மருத்துவத்துக்கு வைத்திருப்பதைத் தொடவே தொடாதே. சம்பளம் வந்த காலத்தில் கை மீறினால் அடுத்த வருடம் சரிக்கட்டினோம், இனி அந்த அடுத்த வருடம் கிடையாது. தேதி பார்த்துப் பணம் கொடுக்காமல், முடிந்த வேலையைப் பார்த்துக் கொடு.

வேலை நடக்கும்போது தினமும் போய் நிற்க நமக்கு நேரம் இருக்கிறது, அது பெரிய வசதி. கொட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று காங்கிரீட்டில் தண்ணீரைக் கூட்ட விடாதே, கூடக் கூடப் பலம் குறையும். கொட்டிய பிறகு ஈரம் காயவும் விடாதே. ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும், கணக்குக்கு எடுப்பது 28ஆம் நாள் பலத்தை. ஆனால் சாரத்தில் மட்டும் ஏறாதே, நண்பா. கீழே நின்று பார்.

மாடி அறைகளைப் பற்றி வீட்டில் எங்களுக்குள் ரொம்ப நாள் பேச்சு. பிள்ளைகள் வந்து தங்குவது வருடத்தில் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்காக மீதி நாள் எல்லாம் படி ஏறி இறங்க வேண்டுமா? பின்னால் மாடி எடுப்பதற்கு வேண்டிய அஸ்திவாரத்தையும் தூண்களையும் போட்டு, படிக்கு இடம் விட்டு நிறுத்திவிட்டோம். மனைவிதான் முடிவு செய்தாள். ஒரு நாள் ராத்திரி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "கடைசியில் நம்மில் ஒருவர்தான் இந்த வீட்டில் இருப்போம், அந்த ஒருவர் தனியாகப் பெருக்கிப் பூட்டிச் சமாளிக்கிற அளவுக்கு இருந்தால் போதும்" என்றாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. சமையலறையைப் பின்னாலிருந்து தெருப் பக்கம் மாற்றச் சொன்னதும் அவள்தான். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டுமாம்.

உன் வரைபடத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அதற்குள் நீ ஒரு வேலை செய். சுண்ணாம்புப் பொடி வாங்கிப் போய் மனையில் அறைகளை நிஜ அளவில் கோடாகப் போடு, கட்டில் எங்கே, கதவு எங்கே என்று எல்லாமே. தங்கச்சி இன்னும் வாக்கரோடுதானே நடக்கிறாள், மருத்துவர் சரி என்றால், தரை சமமாக இருக்கும் இடத்தில் நீயும் கூடவே இருந்து, அவளை அந்தக் கோடுகளுக்குள் படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒருமுறை நடக்கச் சொல். எங்கே இடிக்கிறது என்று அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்